காட்கோபர் அச்சகமும் திருமகளின் ரவிக்கையும்: விக்டோரியா காலத்து உடை வரலாற்றின் ஒரு பகுதி

தாமரை மீது நிற்கும் திருமகளின் வண்ணப்படம் தமிழ் இல்லங்களின் பூசையறைகளிலும் கடைகளின் கல்லாப்பெட்டிகளுக்கு மேலும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருந்து வருகிறது. அப்படத்தில் தேவி உடுத்தியிருப்பது சேலை. கொசுவம் முன்புறம் விழுகிறது. முந்தானை இடத்தோளின் மேல் செல்கிறது. அதனடியில் கையுடன் கூடிய ரவிக்கை தெரிகிறது. பார்ப்பவர் எவரும் இதைத் தொன்மையான உடை என்றே கொள்வர். எனினும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் தேவியர்க்குத் தைத்த மேலாடை இல்லை. கருவறைச் சிற்பங்களிலும் பெரும்பாலும் இல்லை. அந்த ரவிக்கை எப்போது, எவ்வழியாக வந்தது என்ற கேள்விக்கு விடை தேடுவோர் விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலமான 1837 முதல் 1901 வரையிலான ஆண்டுகளுக்கும், பம்பாயின் புறநகராக இன்று விளங்கும் காட்கோபருக்கும் வந்து சேர்வர்.

ராஜா ரவிவர்மாவின் கல்லச்சு நிறுவனம் 1894ஆம் ஆண்டு பம்பாயில் தொடங்கப்பட்டது. அதன் தொடக்க ஆண்டுகளின் வரலாறு காட்கோபர் என்னும் ஊர்ப்பெயருடன் இணைந்தே சொல்லப்படுகிறது. அன்று காட்கோபர் நகர எல்லைக்கு அப்பால், சால்செட் தீவில், 1853இல் திறக்கப்பட்ட பம்பாய் – தாணே இருப்புப்பாதையின் வழியில் இருந்த ஊர். அங்கு அச்சான படங்கள் இந்தியப் பெண்ணுடலின் புறவடிவத்தை எவ்வாறு ஒருமைப்படுத்தின என்பதையும், அதே காலத்தில் தென்திருவிதாங்கூரில் ஒரு தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்டதையும் ஒருங்கே வைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஐரோப்பாவில் மாறிய புறவடிவங்கள்

விக்டோரியா பட்டமேற்ற காலத்தில் ஆங்கிலேய நடுத்தர வகுப்புப் பெண்ணின் உடை, தோள் சரிந்து, இடை இறுகி, பல அடுக்கு உட்பாவாடைகளால் கீழ்ப்பகுதி மணிபோல விரிந்து காணப்பட்டது. அவ்விரிவுக்காகக் குதிரைமயிர் கலந்து நெய்த விறைப்பான துணி பயன்பட்டது. 1856இல் எஃகு வளையங்களால் ஆன கூண்டுப் பாவாடை, அதாவது கிரினோலின், புழக்கத்திற்கு வந்தது. பல அடுக்குத் துணியின் எடையை ஓர் எஃகுக் கூண்டு நீக்கியது. பாவாடையின் சுற்றளவு முன்னெப்போதும் இல்லாத அளவிற்குப் பெருகியது. 1860களின் பிற்பகுதியில் அவ்விரிவு பின்பக்கம் நகர்ந்தது. 1870களில் இடுப்பின் பின்புறத்தை உயர்த்தும் ‘பஸில்’ தோன்றி, சில ஆண்டுகள் மறைந்து, 1880களின் நடுவில் மீண்டும் வந்தது. 1890களில் பின்புற மேடு அடங்க, பருமை முழுவதும் தோளுக்கு ஏறியது; 1895 அளவில் கைகள் பலூன்போல உப்பிய சட்டைகள் உச்சத்தை எட்டின.

இம்மாற்றங்களை வெறும் மனப்போக்கின் விளைவாகக் காண இயலாது. எஃகைக் கம்பியாகவும் பட்டையாகவும் மலிவாக உருவாக்கும் திறன் இல்லையேல் கூண்டுப் பாவாடை இல்லை. 1851இல் காப்புரிமை பெற்ற சிங்கர் தையல் இயந்திரம் இல்லையேல் பஸில் காலத்துப் பல மடிப்பு அலங்காரங்கள் நடுத்தர வகுப்பை எட்டியிரா. 1856இல் வில்லியம் பெர்கின் கண்டறிந்த ஊதாச் சாயம் செயற்கைச் சாயங்களின் வரிசையைத் தொடங்கிவைத்தது. இவற்றுக்கெல்லாம் அடியில் பருத்தி இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நிகழ்ந்த 1861–65 ஆண்டுகளில் லங்காஷயருக்கு வரவேண்டிய அமெரிக்கப் பஞ்சு தடைப்பட்டபோது, இந்தியப் பருத்தியால் பம்பாய் வணிகர் பெருஞ்செல்வம் ஈட்டினர். போர் முடிந்ததும் 1865இல் அச்செல்வத்தின் பெரும்பகுதி சரிந்தது. லண்டன் பெண்ணின் பாவாடை விரிவுக்கும் பம்பாய்த் துறைமுகத்தின் பஞ்சுப் பொதிக்கும் இடையே தொடர்பு இவ்வாறு நேரடியானது.

உடலை இறுக்கும் கச்சுக்கு எதிரான குரலும் அக்காலத்திலேயே எழுந்தது. 1881இல் லண்டனில் பகுத்தறிவு உடைச் சங்கம் தோன்றி, இறுக்கமான கச்சும் எடைமிகுந்த பாவாடையும் பெண்ணின் நலத்தைக் கெடுப்பதாக வாதிட்டது. அங்கு வாதம் உடை மிகுதியைப் பற்றியதாக இருந்தது. அதே பேரரசின் நிழலில் இருந்த திருவிதாங்கூரில் வாதம் முற்றிலும் வேறாக இருந்தது.

2. தோளின் மேல் ஒரு துணி

திருவிதாங்கூர் அரசில் மார்பை மறைப்பது சாதி ஒழுங்கின் பகுதியாக இருந்தது. தோளின் மேல் சீலை இடும் உரிமை மேல்சாதிப் பெண்களுக்கு உரியதாகக் கருதப்பட்டது. நாடார் உள்ளிட்ட சாதியினர் இடுப்புக்கு மேல் துணியின்றி இருக்க வேண்டும் என்பது வழக்கம். லண்டன் மிஷனரி சங்கம் நாகர்கோவில் வட்டாரத்தில் பணி தொடங்கிய பின், கிறித்தவத்தைத் தழுவிய பெண்கள் ‘குப்பாயம்’ எனப்பட்ட தளர்ந்த சட்டையை அணியலாயினர். ஆங்கிலேய ரெசிடெண்டாகவும் சில ஆண்டுகள் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, சிரியன் கிறித்தவரும் மாப்பிளைமாரும் அணிவதுபோல இப்பெண்களும் குப்பாயம் அணியலாம் என 1814இல் அனுமதித்தார்.

இங்குக் கூர்ந்து நோக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. மிஷனரிமார்களின் மனைவியர்க்குக் குப்பாயமே போதுமானதாயிருந்தது. உடல் மறைந்தால் அவர்களின் அறவுணர்வு நிறைவெய்தியது. நாடார் பெண்களோ குப்பாயத்தின் மேல் தோள்சீலையையும் இட்டுக்கொண்டனர். நாணம் காத்தலுக்கு அச்சீலை தேவைப்படவில்லை; மதிப்புக்கு அது தேவைப்பட்டது. 1829ஆம் ஆண்டின் அரசாணை இவ்வேறுபாட்டைத் துல்லியமாகப் பிடித்துக்கொண்டது. சட்டை அணியலாம், தோள்சீலை இடலாகாது என்று அது விதித்தது. துணியின் அளவைப் பற்றி அரசு கவலைப்படவில்லை. துணி உடலின் மேல் வரையும் கோட்டைப் பற்றியே கவலைப்பட்டது.

இதே பெண்களின் கைவேலை பற்றிய செய்தி ஒன்றையும் உடன்வைத்துப் பார்க்கவேண்டும். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் மிஷன் பள்ளியின் பெண்பிள்ளைகளுக்குப் பின்னல் சரிகை, அதாவது லேஸ், செய்யும் தொழிலைக் கற்பித்தார். அச்சரிகை ஐரோப்பியப் பெண்மணிகளின் ஆடை ஓரங்களுக்காக விலைபோயிற்று. ஐரோப்பியரின் கழுத்துப்பட்டியையும் கைவிளிம்பையும் அழகுசெய்த வேலையைச் செய்தவர்கள், தம் தோளில் ஒரு முழத் துணி இடுவதற்கு வழக்காட வேண்டியிருந்தது.

1858 நவம்பர் 1 அன்று விக்டோரியா அரசியின் பிரகடனம் வெளியாயிற்று. மக்களின் சமய நம்பிக்கையில் தலையிடுவதில்லை என்ற அதன் உறுதிமொழியைத் திருவிதாங்கூரின் இரு தரப்பினரும் தத்தமக்குச் சாதகமாகப் படித்தனர். அவ்வாண்டின் இறுதியிலும் 1859இன் தொடக்கத்திலும் சந்தைகளில் பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன; ஆலயங்களும் பள்ளிகளும் எரியூட்டப்பட்டன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரவெல்யன் அழுத்தம் தந்தபின், 1859 ஜூலை 26 அன்று அரசாணை ஒன்று பிறந்தது. நாடார் பெண்கள் எச்சமயத்தவராயினும் சட்டை அணியலாம். மீனவப் பெண்களைப்போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம். ஆயினும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்பது அதன் சாரம்.

இவ்வாணையை மனிதநேயத்தின் வெற்றியாக மட்டும் படிப்பது முழுமையன்று. மறைக்கும் உரிமையை அது வழங்கியது. ஒத்த தோற்றத்திற்கான உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. உடை வரலாற்றில் புறவடிவம் என்னும் கருத்து எத்துணைக் கூர்மையான அரசியல் பொருள் உடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சட்டச்சான்று அரிது. ஆண்களுக்கும் இது பொருந்தும். சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் தம்மைப் பின்பற்றியோரைத் தலைப்பாகை கட்டி வழிபடச் செய்ததும் இதே வகையான மறுப்பே ஆகும்.

அவ்வாணை பிறந்தபோது திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த தஞ்சை மராட்டியரான டி. மாதவராவ். அதே அரசில், திருவனந்தபுரத்துக்கு வடக்கே கிளிமானூரில், பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் ஓவியம் தீட்டிப் பழகிக்கொண்டிருந்தான். அச்சிறுவனே ரவிவர்மா.

3. பம்பாயில் உருவான சேலை

சேலை ஒரு தைக்காத ஆடை. அதற்கெனத் தனித்த புறவடிவம் கிடையாது; உடுத்தும் முறையே வடிவத்தைத் தருகிறது. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866இல் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை 18 தொகுதிகளாகத் தொகுத்து, அவற்றின் 20 படிகளை உருவாக்கினார். அவற்றுள் 13 பிரித்தானியாவிலும் 7 இந்தியாவிலும் வைக்கப்பட்டன. இந்தியர் எதை உடுத்துகின்றனர், எவ்வளவு நீள அகலத்தில் உடுத்துகின்றனர் என்பதை ஆங்கிலேய ஆலை முதலாளிகள் அறிந்தால்தான் அத்துணியை அங்கு நெய்து இங்கு விற்க முடியும் என்பது அத்தொகுப்பின் நோக்கம். தறியிலிருந்து இறங்கியவாறே உடுத்தப்படும் ஆடைக்கும் வெட்டித் தைக்கப்படும் ஆடைக்கும் இடையிலான வேறுபாடு அத்தொகுப்பின் அடிப்படைப் பகுப்புகளுள் ஒன்று. அப்பகுப்பு வணிகத்திற்கு உதவியது. உடுத்துபவரின் வாழ்விலோ தைத்ததும் தைக்காததும் ஏற்கெனவே கலக்கத் தொடங்கியிருந்தன.

1864இல் ஞானதானந்தினி தேவி தம் கணவரும் இந்தியக் குடிமைப் பணியின் முதல் இந்திய அலுவலருமான சத்யேந்திரநாத் தாகூருடன் பம்பாய் வந்தார். வங்கத்தில் உயர்குடிப் பெண்கள் உட்பாவாடையோ ரவிக்கையோ இன்றி ஒற்றைச் சேலையை வீட்டுக்குள் உடுத்தினர். வெளியே வரும் வழக்கம் இல்லாதவரை அது போதுமானதாயிருந்தது. பம்பாயில் அவர் பார்சிக் குடும்பம் ஒன்றில் தங்கி, அக்குடும்பப் பெண்கள் சேலையுடன் உட்சட்டையும் ரவிக்கையும் அணிவதைக் கண்டார். பார்சியர் வலத்தோளில் இட்ட முந்தானையை இடத்தோளுக்கு மாற்றி, வலக்கையை வேலைக்கு விடுவித்து, உட்பாவாடையும் ரவிக்கையும் சேர்ந்த ஒரு முறையை அவர் அமைத்தார். பிரம்ம சமாஜக் குடும்பங்கள் வழியாக அது பரவியது. அப்பெண்களின் நிழற்படங்களில் உயர்ந்த கழுத்துப்பட்டி, சரிகை விளிம்பு, உப்பிய கை ஆகியவற்றைக் காணலாம். விக்டோரிய உடையின் மேற்பாதி சேலையின் அடியில் குடியேறியதை அவை காட்டுகின்றன.

மராட்டியப் பகுதியிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. பம்பாய் இருப்புப்பாதையின் வழியில் காட்கோபருக்கு அப்பால் உள்ள கல்யாணில் பிறந்த ஆனந்திபாய் ஜோஷி, 1883இல் மருத்துவம் பயில ஃபிலடெல்பியா சென்றார். ஒன்பது கஜச் சேலையைக் கச்சமிட்டு உடுத்தும் முறையில் கெண்டைக்காலும் கணுக்காலும் வெளியே தெரியும். அமெரிக்கக் குளிருக்கும் அங்குள்ளோரின் பார்வைக்கும் ஏற்றவாறு அவர் குசராத்தி முறைக்கு மாறினார். ஐரோப்பிய உடைக்கு மாறவில்லை. கணுக்கால்வரை நேராக விழும் சேலை, விக்டோரிய நாகரிகம் பெண்ணிடம் எதிர்பார்த்த மறைப்பையும் இந்தியப் பெண் விட்டுக்கொடுக்க விரும்பாத அடையாளத்தையும் ஒருசேர நிறைவேற்றியது. பொதுவெளிக்கு வரும் பெண்ணின் உடையாக அது உருப்பெற்றதன் காரணம் இதுவே.

4. கல்லில் ஏறிய தேவியர்

வடோதராவின் சாயாஜிராவ் கெய்க்வாடுக்காகப் பதினான்கு புராண ஓவியங்கள் வரையும் பணியை ரவிவர்மா ஏற்றபோது, அவரும் தம்பி ராஜவர்மாவும் வட இந்தியாவில் நெடும்பயணம் மேற்கொண்டனர். சீதைக்கும் தமயந்திக்கும் எந்நாட்டு உடையை அணிவிப்பது என்பது அவர்களின் தேடல்களுள் ஒன்று. எந்த ஒரு வட்டாரத்திற்கும் மட்டும் உரியதாகத் தோன்றாத உடை தேவைப்பட்டது. மைசூருக்காக அவர் தீட்டிய இசைப்பெண்கள் குழு ஓவியத்தில் நாயர் பெண்ணும் மராட்டியப் பெண்ணும் இசுலாமியப் பெண்ணும் பார்சிப் பெண்ணும் ஐரோப்பிய உடையணிந்த பெண்ணும் தத்தம் உடை வேறுபாட்டுடன் ஒரே சட்டகத்தில் அமர்ந்துள்ளனர். 1893 சிக்காகோ கண்காட்சிக்கு அனுப்பிய பத்து ஓவியங்களிலும் இந்தியப் பெண்களின் பன்மையே பொருள். புராணப் படங்களிலோ அப்பன்மை ஒதுங்கிவிடுகிறது. ரவிக்கையும் சேலையும் சேர்ந்த ஒற்றை வடிவம் முன்னால் வருகிறது.

ஓவியங்களை அச்சிட்டுப் பரப்ப வேண்டும் என்று ரவிவர்மாவுக்கு அறிவுரை கூறியவர் அதே மாதவராவ். ஒருவருடைய இரு கைகளால் நாட்டின் விருப்பம் முழுவதையும் நிறைவேற்ற இயலாது, ஆகவே ஐரோப்பாவுக்கு அனுப்பி எண்ணெய் வண்ண அச்சாக்குக என்பது அவர் கருத்து. இறுதியில் ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்கு மாறாக, ஜெர்மானிய இயந்திரங்களும் தொழில்நுட்பரும் பம்பாய்க்கு வரவழைக்கப்பட்டனர். கூட்டாளியான கோவர்தன்தாஸ் கட்டாவ் மக்கன்ஜி பருத்தி ஆலைத் தொழிலில் இருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். துணியை நெய்த மூலதனம் துணியுடுத்திய தேவியரின் படத்தையும் அச்சிட்டது என்பது பம்பாய்ப் பொருளியல் வரலாற்றில் கருதத்தக்கது.

கல்லச்சுமுறை உழைப்பு மிகுந்தது. ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனிச் சுண்ணக்கல். படத்தின் நிறங்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கல்லில் எழுதி, ஒரே தாளை இம்மியும் பிசகாமல் ஒவ்வொரு கல்லின் மேலும் மீண்டும் மீண்டும் வைத்து அழுத்த வேண்டும். இறுதியில் மெருகெண்ணெய் பூச, தாள் எண்ணெய் ஓவியம்போல மின்னும். முதலில் வெளிவந்த படம் சகுந்தலையின் பிறப்பு. பின்னர்த் திருமகளும் கலைமகளும் வந்தனர். 1896 முதல் பம்பாயில் பிளேக் பரவிற்று. 1899இல் அச்சகம் லோணாவ்ளா அருகே மளவலிக்கு இடம்பெயர்ந்தது. கடன் பெருகியதால் சில ஆண்டுகளில் ஜெர்மானியத் தொழில்நுட்பரான ஃபிரிட்ஸ் ஷ்லைஷரின் உடைமையாயிற்று. ஓவியர் 1906இல் மறைந்தார். கற்கள் தொடர்ந்து அச்சிட்டன.

இப்படங்கள் தமிழகம் வந்தபோது மற்றொரு நிகழ்வும் நடந்தது. செட்டிநாட்டு இல்லங்கள் போன்றவற்றில் அச்சுப்படத்துத் தேவியின் சேலைமேல் உண்மையான பட்டுத்துணியும் சரிகையும் சமிக்கியும் ஒட்டப்பட்டன. தாளில் இருந்த உடை மீண்டும் துணியாயிற்று. கோயில் மூர்த்திக்கு நாள்தோறும் செய்யும் அலங்கார மரபு அச்சுப்படத்தையும் தழுவிக்கொண்டது எனலாம்.

5. இரு வரலாறுகளின் சந்திப்பு

1829, 1859 ஆணைகளையும் அச்சகத்தின் படங்களையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படும். உள்ளே தைத்த சட்டை, வெளியே தோளின்மேல் சீலை என்ற இணைவே தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் உடுத்தத் துணிந்ததும், அரசு தடுத்ததும் ஆகும். ஒரு தலைமுறைக்குப் பின், அதே அரசில் பிறந்த மேல்குடி ஓவியரின் கையால், அதே இணைவு திருமகளின் உடையாக இந்தியா முழுவதும் சென்றது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கொள்வதற்கில்லை. ரவிவர்மாவின் ரவிக்கைக்குப் பம்பாய், பார்சி, மராட்டிய மூலங்களே அணுக்கமானவை. எனினும், எவருடைய உடலில் குற்றமாகவும் எவருடைய உடலில் தெய்வீகமாகவும் ஓர் உடை படிக்கப்பட்டது என்னும் வேறுபாட்டை உடை வரலாறு கடந்து செல்லலாகாது.

அச்சுப்படம் இரு திசைகளில் வேலை செய்தது. ஒருபுறம், மலிவான தாளில் வந்த தேவியின் முன் சாதி ஆணை செல்லாது. கோயிலுக்குள் நுழைய உரிமையற்றிருந்த குடும்பமும் அப்படத்தைச் சுவரில் மாட்டலாம். அதன் உடையைத் தன் மகளுக்கு உடுத்திப் பார்க்கலாம். மறுபுறம், அவ்வொற்றை வடிவம் மற்ற வடிவங்களைப் பின்தங்கியவையாக ஆக்கிற்று. பின்கொசுவம் வைத்த உழவுப் பெண், கச்சமிட்ட பம்பாய் ஆலைத் தொழிலாளி, இறுக்கிக் கட்டிய கோளி மீனவப் பெண் ஆகியோரின் உடுத்துமுறைகள் உடலுழைப்பிற்கு ஏற்றவை. கணுக்கால்வரை விழும் முன்கொசுவம் வயலுக்கோ படகுக்கோ ஏற்றதன்று. ஏணியின் மேற்படியில் நிற்பவளின் உடையே பொது உடையாயிற்று. அதை உடுத்த இயலாதவள் நாகரிகம் அறியாதவளாகக் கருதப்பட்டாள்.

அச்சகம் மளவலி சென்று பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னும் போராட்டம் முடிந்தபாடில்லை. 1915இல் கொல்லம் அருகே பெரிநாட்டில் அய்யன்காளியின் தலைமையில் புலையர் பெண்கள், தம் சாதி அடையாளமாகச் சுமத்தப்பட்டிருந்த கல்மாலைகளை அறுத்தெறிந்து ரவிக்கை அணிந்தனர். அதற்குள் திருமகள் ரவிக்கையுடன் பல்லாயிரம் சுவர்களில் இருந்தாள்.

6. சொற்களில் எஞ்சியவை

தமிழ்ச் சொற்களே இவ்வரலாற்றின் ஆவணக் காப்பகம். ‘குப்பாயம்’ தென்கோடியில் மிஷன் காலத்தை நினைவூட்டுகிறது. ‘ரவிக்கை’ அதற்கு முந்தைய வழக்கு. ‘ஜாக்கெட்’ என ஆங்கிலத்தில் மேலங்கியைக் குறிக்கும் சொல் தமிழில் மார்போடு ஒட்டிய சிறு சட்டையைக் குறிக்கிறது. தாராவி, மாதுங்கா, செம்பூர்த் தமிழரிடமும் இச்சொல்லே வழங்குகிறது. தையற்காரர் இன்றும் சொல்லும் ‘பஃப் கை’யில் 1890களின் உப்பிய கை உயிரோடிருக்கிறது. கிரினோலினும் பஸிலும் ஐரோப்பாவிலேயே மறைந்தன. அவற்றின் உடன்பிறப்பான அக்கை மட்டும் இந்தியச் சேலையின் அடியில் தங்கிவிட்டது.

இத்துறையில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர்கள் மூவகைச் சான்றுகளை ஒன்றுசேர்த்தல் நலம்: அரசாணைகளும் மிஷன் அறிக்கைகளும், ஓவியங்களும் அச்சுப்படங்களும், தையல் தொழிலின் சொல்வழக்கு. முதலாவது தடையைச் சொல்லும். இரண்டாவது விருப்பத்தைக் காட்டும். மூன்றாவது மட்டுமே அன்றாடம் உடுத்தியவரின் கைக்கு நெருக்கமானது. விக்டோரியா காலத்து உடை வரலாற்றை லண்டன், பாரிஸ் நகரங்களின் தையல்கூடங்களோடு நிறுத்திக்கொண்டால், நாகர்கோவில் சந்தையில் கிழிந்த தோள்சீலைக்கு அதில் இடமிராது. காட்கோபர்க் கற்களில் வரையப்பட்ட திருமகளின் ரவிக்கையைப் படிக்கும்போது அச்சீலையையும் உடன்வைத்துப் படிக்கவேண்டும்.